முயல் கூண்டுக்கு எந்த வலையைக் கொடுப்பது?

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் சங்க அன்பர்களில் முயல் வளர்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நானும் வளர்த்ததில்லை. ஆனால் முயல் பண்ணை தொடங்க நினைக்கும் ஒருவர், முயல் வாங்கப் போவதற்கு முன்னால் நம் கடைக்குத்தான் வருகிறார். வலை, கம்பி, ஆங்கிள், கீல், கொண்டி எல்லாம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். போகிற சரக்கு என்ன வேலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விற்றால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2009-ஆம் ஆண்டு. திண்டுக்கல்லில் என் கடைக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பத்துக் கூண்டுக்கு வலை வேண்டும் என்றார். வீட்டு நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்குவதாகவும் சொன்னார். என்னிடம் 20 கேஜ், 1 அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் சுருள் ஒன்று ஓராண்டாக விலை போகாமல் கிடந்தது. "முயல்தானே தம்பி, பூனை கனம்கூட இராது. இது தாராளமாகப் போதும். விலையும் குறைச்சல்" என்று அதைத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு நல்ல வியாபாரம் செய்ததாகத்தான் எனக்கு நினைப்பு.

ஐந்து மாதம் கழித்து அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் ஒரு பெட்டை முயல். பின்னங்கால் இரண்டிலும் அடிப்பாத முடி உதிர்ந்து, தோல் தேய்ந்து புண்ணாகி இருந்தது. கூண்டின் தரை தொட்டில்போலத் தொய்ந்துவிட்டது என்றார். அதைவிட மோசமான செய்தியை அடுத்துச் சொன்னார். முதல் ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் நான்கு, இரவோடு இரவாக வலைக் கண் வழியே கீழே விழுந்து, விடிந்து பார்க்கும்போது எறும்பு மொய்த்துக் கிடந்தனவாம். அவர் சண்டை போடவில்லை. "நீங்க சொன்னதைத்தானே அண்ணே வாங்கினேன்" என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் என் கணக்கே தவறு. பண்ணைகளில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் வளர்ந்தால் 4 கிலோவுக்கு மேல் நிற்கும். வீட்டுப் பூனையைவிடக் கனம். பூனைக்கும் நாய்க்கும் உள்ளங்காலில் மெத்தை உண்டு. முயலுக்கு அது கிடையாது, வெறும் முடிதான். அத்தனை எடையும் மெல்லிய கம்பியின் மேல் இறங்கினால் அது கத்திபோலத்தான் அழுத்தும். ஆகவே தரைக்குப் போகும் வலையில் இரண்டைப் பார்க்க வேண்டும். கம்பி தடிமனாக இருக்க வேண்டும், கண் சிறியதாக இருக்க வேண்டும்.

கண் என்ன, கேஜ் என்ன?

தரைக்கு ஏற்றது 1 அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், 14 கேஜ். சிறிய இனங்களுக்கு 16 கேஜ் தாங்கும். அதற்கும் மெல்லியதைத் தரைக்கு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அரைக்கு அரை அங்குலக் கண்ணிலும் குட்டி விழாதுதான். ஆனால் புழுக்கை சரியாகக் கீழே இறங்காமல் சிக்கிக்கொள்ளும். சிக்கிய புழுக்கையில் மூத்திரம் ஊறி, முயலின் கால் எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். ஒன்றுக்கு அரையில் அந்தத் தொல்லை குறைவு. 1 அங்குலச் சதுரக் கண்ணில் புழுக்கை நன்றாக விழும், கூடவே குட்டியும் விழும்.

வலையில் ஒரு பக்கம் கம்பிகள் அரை அங்குல இடைவெளியிலும், மறுபக்கம் 1 அங்குல இடைவெளியிலும் ஓடும். நெருக்கமான கம்பிகள் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி தரையைப் போட வேண்டும். இதைப் பட்டறைக்காரர்களே பலர் கவனிப்பதில்லை. புரட்டிப் போட்டுவிட்டால் 14 கேஜ் வாங்கியதில் பாதிப் பலன் போய்விடும். வலையை வெட்டிக் கொடுக்கும்போதே எந்தப் பக்கம் மேலே என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் செலவில்லை.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது நமக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்குத் தெரியாது. 20 என்றால் 14-ஐவிட உசத்தி என்று நினைப்பவர்களும் உண்டு. எஸ்.டபிள்யூ.ஜி. அளவில் 14 கேஜ் என்பது 2.03 மி.மீ., 16 கேஜ் 1.63 மி.மீ., 20 கேஜ் 0.91 மி.மீ. சொல்லிப் புரியவைப்பதைவிட மூன்று துண்டுகளை மேசைமேல் வைத்துக் கையால் வளைத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

கொள்முதலில் நாமும் ஏமாறாமல் இருக்க வேண்டும். 14 என்று சீட்டு ஒட்டி வரும் சுருள் சில சமயம் 15-ஆக இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுக்கு அரை அங்குலக் கண் உள்ள வலையில் 1 சதுர அடிக்கு ஒரு பக்கம் 24 கம்பி, மறுபக்கம் 12 கம்பி, ஆக 36 அடிக் கம்பி இருக்கிறது. அது 14 கேஜாக இருந்தால் இரும்பு மட்டும் சுமார் 280 கிராம் நிற்கும். 15 என்றால் 225 கிராம், 16 என்றால் 180 கிராம், 20 என்றால் 56 கிராம்தான். துத்தநாகப் பூச்சையும் சேர்த்தால் எடை இதைவிடச் சற்றுக் கூட வேண்டுமே தவிரக் குறையக்கூடாது. சரக்கு வந்ததும் ஒரு சதுர அடி வெட்டித் தராசில் வையுங்கள். 280-க்குப் பதில் 230 காட்டினால் மொத்த வியாபாரிக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் என் தவறு எவ்வளவு அற்பமான தொகைக்காக நடந்தது என்று எனக்கே புரிந்தது. ஒரு தாய் முயல் கூண்டின் தரை 5 சதுர அடி. 14 கேஜ் போட்டால் 1 கிலோ 400 கிராம். 16 போட்டால் 900 கிராம். ஒரு கூண்டுக்கு வித்தியாசம் அரைக் கிலோ கம்பி. ஒரு ஈற்றில் ஏழு குட்டி என்றால் ஒரே ஒரு குட்டி பிழைத்து விலை போனாலும் அந்த அரைக் கிலோ வந்துவிடும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பக்கத்திலும் கூரையிலும் பிடிக்கலாம். அங்கே முயல் நிற்பதில்லை. 16 கேஜில் 1 அங்குலச் சதுரக் கண், அல்லது இரண்டுக்கு ஒன்று அங்குலக் கண் தாராளம்.

பக்கங்களில் ஒரே ஓர் இடம் மட்டும் கவனிக்க வேண்டியது. குட்டி தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது தாய் சட்டென்று பெட்டியை விட்டு வெளியே குதித்தால், காம்பை விடாத குட்டியும் இழுபட்டு வந்து கூண்டுத் தரையில் விழும். கண் திறக்காத, முடி முளைக்காத குட்டி. ஊர்ந்து ஊர்ந்து ஓரத்துக்குப் போய், 1 அங்குலக் கண் வழியாக வெளியே போய்விடும். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வருவதுபோல முயல் கவ்வி வராது. கீழே விழுந்த குட்டி விழுந்ததுதான். அதனால் சுற்றுப் பக்கங்களில் அடியிலிருந்து 4 அங்குல உயரத்துக்குத் தரை வலையைப் போன்ற ஒன்றுக்கு அரைக் கண் வலையை இன்னொரு சுற்று வைத்துக் கட்ட வேண்டும். ஒரு கூண்டுக்கு 3 சதுர அடி ஆகும். வெட்டி மிச்சமான துண்டுகளே போதும். அவற்றைப் பழைய இரும்பில் போடாமல் 4 அங்குலப் பட்டையாக வெட்டி வைத்தால் தனி விலைக்குப் போகும்.

கோழி வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுகோணக் கண் உள்ள அந்த முறுக்கு வலை விலை மலிவு. முயல் கடித்தே அறுத்துவிடும், நாய் ஒரு இழுப்பில் கிழித்துவிடும், முயலின் கால் சிக்கினால் ஒடிந்துவிடும். ஏற்கெனவே நல்ல வலை போட்ட கொட்டகையின் மேல்புறத்தில் காக்கை வராமல் தடுக்க வேண்டுமானால் அதைக் கொடுக்கலாம்.

பூச்சும் துருவும்

முயல் மூத்திரம் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. காய்ந்தால் வெள்ளையாகக் கம்பியில் படியும். சுரண்டச் சுரண்டப் பூச்சும் சேர்ந்து போகும். பற்றவைத்த முடிச்சுகளில்தான் துரு முதலில் ஆரம்பிக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. சந்தையில் இரண்டு வகை வலை வருகிறது. கம்பிக்கு முதலில் துத்தநாகப் பூச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு பற்றவைத்தது ஒன்று. பற்றவைத்து முடித்த வலையை அப்படியே துத்தநாகத்தில் முக்கி எடுத்தது இன்னொன்று. முதல் வகையில் பற்றவைக்கும் சூட்டில் முடிச்சில் இருந்த பூச்சு எரிந்து போயிருக்கும். இரண்டாவது வகையில் முடிச்சும் பூச்சுக்குள் மூடியிருக்கும், ஆகவே அதிக நாள் வரும். பார்த்தாலே தெரியும், முடிச்சு கரிந்து பழுப்பாக இருந்தால் முதல் வகை, வெள்ளி நிறத்தில் சற்றுத் திரண்டிருந்தால் இரண்டாவது வகை. தரைக்கு மட்டுமாவது இரண்டாவதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் துத்தநாகம் முள்ளாகத் திரண்டு நிற்கும் இடங்கள் இருக்கும். அவற்றை அரத்தால் தேய்த்துக் கழுவிய பிறகே முயலை விட வேண்டும். முயல் எதையும் கடித்துப் பார்க்கும் பிராணி.

வலைகளை ஒன்றோடொன்று இணைக்கக் கறுப்புக் கட்டுக் கம்பியைக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலு மாதத்தில் துருப்பிடிக்கும். அதன் முறுக்கு நுனிகள் முயலின் கண்ணிலும் நம் கையிலும் குத்தும். குறடால் அழுத்தும் சி வடிவக் கிளிப்தான் நல்லது. 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஒன்று போட்டால் பாம்பும் எலியும் நுழைய இடம் கிடைக்காது. கிளிப்பையும் அதற்கான குறடையும் கடையில் வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்திருந்தால் கூண்டுக்காரர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

அளவும் வெட்டும்

தாய் முயலுக்கு 2½ அடி நீளம், 2 அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள கூண்டு நல்ல அளவு. 2 அடி அகலச் சுருளில் 50 அடி இருந்தால் சேதாரம் இல்லாமல் 20 தரை வெட்டலாம். சுற்றுப் பக்கத்துக்கு 9 அடி நீளம், 1½ அடி உயரம் வேண்டும். 3 அடி அகலச் சுருளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 50 அடிச் சுருளில் 11 கூண்டுக்குச் சுற்று கிடைக்கும். ஒரு கூண்டுக்கு எல்லாம் சேர்த்து 4 கிலோவுக்குச் சற்று மேல் கம்பி ஆகும். இந்தக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் எத்தனை கூண்டு என்று சொன்னால் போதும், பையனே சுருள் கணக்குச் சொல்லிவிடுகிறான்.

கதவு விஷயத்தில் நான் பார்த்த கூத்து ஒன்று. ஒருவர் பட்டறையில் கொடுத்து ஆறு கூண்டு அழகாகச் செய்துவிட்டார். கதவு 10 அங்குலச் சதுரம். குட்டி ஈனும் பெட்டி 22 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். பெட்டி எப்படி உள்ளே போகும்? ஆறு கூண்டின் கூரையையும் வெட்டிப் பிரித்தார். முதலில் பெட்டியின் அளவு, பிறகுதான் கதவு. 14 அங்குலச் சதுரம் வைத்துவிட்டால் பெட்டியும் போகும், முயலைப் பிடிக்கக் கையும் தாராளமாகப் போகும். திறப்பைவிடக் கதவைப் பெரிதாக வெட்டி, உள்பக்கமாகத் திறக்கும்படி மேலே கீல் வைத்தால், கொண்டி போட மறந்தாலும் கதவு தானாக விழுந்து மூடிக்கொள்ளும். பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரன் இதைச் சொல்லக்கூடாதுதான்! வெட்டிய கம்பி நுனிகள் எல்லாவற்றுக்கும் தகட்டுப் பட்டை மடித்து விட வேண்டும்.

அந்தப் பெட்டி மரத்திலோ பிளைவுட்டிலோ இருக்கட்டும். தகரம் வேண்டாம், பகலில் சுடும், இரவில் உள்ளே வேர்க்கும். முயல் சினையான 28-ஆம் நாள் பெட்டியை உலர்ந்த புல்லோடு உள்ளே வைக்க வேண்டும்; 30 முதல் 32 நாளுக்குள் ஈன்றுவிடும். தாய் தன் முடியையே பிடுங்கி மெத்தை போடும். குட்டிக்குக் கண் திறக்க 10 நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பெட்டிதான் அதற்கு உலகம். பெட்டி இல்லாமல் வலைத் தரையில் ஈன்றால் எத்தனை நல்ல வலையானாலும் குட்டி குளிரில் போய்விடும். "வலை மட்டும் போதும்" என்று வருகிறவரிடம் பெட்டிக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இரண்டடுக்குக் கூண்டு கேட்டால் நடுவில் சரிவாகத் தகடு கட்டாயம். இல்லாவிட்டால் மேல்தட்டு மூத்திரம் கீழ்த்தட்டு முயலின் மேலும் அதன் வலையின் மேலும் விழும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முயல் வளர்ப்பில் இறங்குவோர் இந்த இடங்களுக்குப் போய்க் கூண்டுகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்ப்பது நல்லதே. ஆனால் அது குளிர்ந்த மலை. அதே கூண்டை நம் சமவெளியில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் சித்திரை வெயிலில் முயல் சுருண்டுவிடும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணற ஆரம்பிக்கிறது; ஆண் முயலுக்கு இனவிருத்தித் திறனும் குறைகிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் பரப்பி, கூண்டைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில், காற்று கீழேயும் போகும்படி வைக்கச் சொல்லுங்கள். காட்டில் பிடித்த முயலுக்குக் கூண்டு வேண்டும் என்று யாராவது வந்தால் நைசாகத் தவிர்த்துவிடுங்கள். காட்டு முயல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பிராணி, பிடிப்பதே குற்றம்.

கடன் கொடுக்கும் முன்

இனி நம் கல்லாவைப் பற்றியது. பத்துக் கூண்டு கேட்பவர் பெரும்பாலும் கைப்பணம் வைத்துக்கொண்டு வருகிறார். நூறு கூண்டு கேட்பவரிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். "கம்பெனியே குட்டி கொடுத்து, கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்கிறது, மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று பேச்சு வந்தால் கடன் நோட்டை மூடி வையுங்கள். ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழிக்காக இதே பேச்சு பேசப்பட்டதையும், 2012-ல் அது சரிந்தபோது பணம் போட்டவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றதையும் நாம் பார்த்தோம். பணம் போட்டவர்களின் கதை பத்திரிகையில் வந்தது. வேலியும் கம்பியும் கடனுக்குக் கொடுத்தவர்களின் கதை எதிலும் வரவில்லை. முயலைக் குறை சொல்லவில்லை. தன் ஊர்ச் சந்தையில் யாருக்கு விற்பேன், என்ன விலைக்கு விற்பேன் என்று தானாகச் சொல்லத் தெரிந்தவருக்குக் கடன் கொடுக்கலாம். அதைக் கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு ரொக்கம்தான்.

பில்லில் வெறுமனே "வெல்டு மெஷ், இத்தனை கிலோ" என்று எழுதும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். கண், கேஜ், எந்த வகைப் பூச்சு, தரைக்கா பக்கத்துக்கா என்பது வரை எழுதுகிறேன். பின்னால் பிரச்சினை வந்தால் வாடிக்கையாளருக்கும் ஆதாரம், நமக்கும் ஆதாரம். வேண்டாம் என்று சொல்லியும் மெல்லிய வலைதான் வேண்டும் என்று ஒருவர் வாங்கிப் போனால் அதுவும் பில்லில் இருக்கும்.

ஆத்தூர்த் தம்பிக்குப் பத்துத் தரையையும் 14 கேஜில் மாற்றிக் கொடுத்தேன். அசல் விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. இலவசமாகவே கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புண்ணுக்குக் கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்து, கூண்டின் ஒரு மூலையில் முயல் உட்கார ஒரு பலகையும் போடச் சொன்னாராம். இரண்டு மாதத்தில் முடி முளைத்துவிட்டது என்று வேறொரு சாமான் வாங்க வந்தபோது சொன்னார். அந்த 20 கேஜ் சுருளில் மீதி இருந்ததை, என்ன வேலைக்கு என்று கேட்டுக்கொண்டு, பாகற்கொடி படர்த்த வலை தேடி வந்த ஒருவருக்கு விற்றேன்.